நாளை என்றால் எந்த நாளை?

விமரிசனம் என்றால் நாவலைப் பற்றியோ கவிதையைப் பற்றியோதான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கத்துக்கு இந்தத் தடவை ஓய்வு கொடுத்துவிட்டு, கைபேசியில் நான் படித்த ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். அது எந்த நாவலிலும் உள்ள பக்கம் அல்ல. உள்ளூர்ச் செய்திகள் போடும் இணையதளம் ஒன்றின் பக்கம். எழுதியவர் பெயர் அதில் இல்லை. தளத்தின் பெயரை நானும் சொல்லப் போவதில்லை. ஒருவர் செய்த குற்றமானால் பெயர் சொல்லலாம். ஊரெல்லாம் செய்கிற குற்றத்துக்கு ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயம் அல்லவே!

விஷயம் இதுதான். என் தங்கை மகள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கிறாள். ஐப்பசி மழையில் ஒரு நாள் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ரயிலை விட்டு இறங்கி, பஸ் ஏறி, ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். வழி நெடுகிலும் இரண்டு பக்கமும் மதில் சுவர்கள். ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று ஏதோ ஒன்று உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது. ராமானுஜர் அவதரித்த ஊர் என்று என் பாட்டி கை கூப்பிச் சொன்ன ஸ்ரீபெரும்புதூர், இன்று ஷிப்டுக்கு ஷிப்ட் கண் விழிக்கும் ஊராக இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை வந்ததிலிருந்து தொடங்கிய மாறுதல் இது.

ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் தங்கை மகளின் அறைத் தோழி. "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை மாமா. நேத்து வேலைக்குப் போகாம நின்னுட்டா. ஒரு நாள் சம்பளம் போச்சு. அதோட அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு" என்றாள் என் தங்கை மகள்.

"ஏன் நின்றாள்?"

"லீவுன்னு நியூஸ்ல போட்டிருந்தாங்க. நீங்களே படிச்சுப் பாருங்க" என்று கைபேசியை நீட்டினாள்.

படித்துப் பார்த்தேன். அதாவது, படிக்க முயன்றேன். நாற்பது வருஷமாகப் பிறர் எழுதியதைப் படித்தும் நானே எழுதியும் காலம் தள்ளுகிறவன் நான். கஷ்டமான நாவல்களையெல்லாம் பொறுமையோடு படித்து முடித்திருக்கிறேன். இந்தப் பக்கம் என்னைத் தோற்கடித்துவிட்டது.

முதலில், "இத்தளத்தின் செய்திகளை உடனுக்குடன் பெற விரும்புகிறீர்களா?" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. வேண்டாம் என்று சொன்னேன். பிறகு தலைப்பு தெரிந்தது: கனமழை, நாளை விடுமுறை, எந்தெந்த மாவட்டங்களுக்கு, முழு விவரம் இதோ! அதற்குக் கீழே குடை பிடித்துப் போகும் பள்ளிக் குழந்தைகளின் படம். அது எந்த ஊரின் மழை என்று சொல்ல யாருமில்லை. படத்துக்குக் கீழே நண்பர்களுக்கு அனுப்புவதற்கான சின்னங்கள் ஒரு வரிசை. பிறகு ஒரு நகைக் கடை விளம்பரம். செய்தியின் முதல் வரியில் கண்ணை வைத்தேன். அதற்குள் மேலே இன்னொரு விளம்பரம் வந்து இறங்கி, நான் படித்துக்கொண்டிருந்த வரியைக் கீழே தள்ளிவிட்டது. அதைத் தேடி விரலை வைத்தால், விரல் பட்ட இடத்தில் முழங்கால் வலித் தைலம். மூலையில் ஒரு சலனப் படம் தானாகவே ஓட ஆரம்பித்தது. அதை மூடுவதற்கான பெருக்கல் குறி ஓர் எள்ளளவு. இடையிடையே "இதையும் படிங்க" என்று வேறு செய்திகளின் தலைப்புகள், இந்தச் செய்தியின் எழுத்தைவிடப் பெரிய எழுத்தில்.

இவ்வளவையும் விலக்கிப் பார்த்தபோது செய்தி நான்கே வாக்கியம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை, மழை பெய்யும், காஞ்சிபுரம் உள்பட இன்னின்ன மாவட்டங்களில் பள்ளி கல்லூரிகளுக்கு நாளை விடுமுறை. அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒரு தேதி இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். போன வருஷத்துத் தேதி!

யாரோ ஒரு புண்ணியவான் அந்தப் பழைய பக்கத்தை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருக்கிறார். இந்தப் பெண் தலைப்பைப் பார்த்தாள், 'நாளை' என்ற சொல்லைப் பார்த்தாள், காஞ்சிபுரம் என்ற பெயரைப் பார்த்தாள், போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். அவள் செய்தது அசட்டுத்தனம் என்று சிலர் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து, மறுநாள் எழுந்திருக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள ஒரு பக்கத்தைத் திறக்கிறவளுக்கு அந்தப் பக்கம் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. அந்தக் கடமையில் தவறியது பக்கம்தான்.

இங்கே எனக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. 'நாளை' என்ற சொல் அச்சுப் பத்திரிகையில் யோக்கியமான சொல். அது அன்றைய தாளோடு பிறக்கிறது. மறுநாள் வடை மடிக்கப் போகும் தாளோடு செத்துப்போகிறது. தாளின் தலையில் தேதி பெரிதாக இருக்கிறது. தாளின் நிறமே அது பழசா புதிதா என்று காட்டிவிடும். இணையத்தில் 'நாளை'க்குச் சாவே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு முந்திய 'நாளை'யும் இன்றைக்குத்தான் குளித்து முழுகி வந்ததுபோல் பளபளவென்று நிற்கும். பழுப்பு ஏறுவதில்லை, ஓரம் மடங்குவதில்லை. ஆகவே அச்சுப் பத்திரிகையைவிட இணையப் பக்கத்தில்தான் தேதி பெரிதாக இருக்க வேண்டும். தலைப்புக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நடைமுறையோ நேர்மாறாக இருக்கிறது. பழைய செய்தி பழையது என்று தெரிந்துவிட்டால் யாரும் திறக்க மாட்டார்களே என்கிற கவலைதான் இதற்குக் காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

நெரிசலான பக்கம் என்றால் என்ன? நிறைய விஷயங்கள் இருப்பதுதான் நெரிசல் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. என் தகப்பனார் பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தத் தொகுப்புகளில்தான் நான் நாவல் படிக்கக் கற்றுக்கொண்டேன். கதாநாயகி கண்ணீர் விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூந்தல் தைல விளம்பரம் இருக்கும். வில்லன் கத்தியை ஓங்கும்போது "தொடர்ச்சி 37-ஆம் பக்கம்" என்று வரும். ஆனாலும் படிக்க முடிந்தது. தைலம் தன் கட்டத்துக்குள் இருந்தது. கத்தி கீழே இறங்கும் நேரம் பார்த்து, தைலப் புட்டி எழுந்து வந்து வரியின் மேல் உட்காரவில்லை.

இன்னும் பெரிய சாட்சி வேண்டுமானால் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையைச் சொல்லலாம். 1966 மே மாதம் வரையில் அதன் முதற் பக்கத்தில் செய்தியே கிடையாது. வரி விளம்பரங்கள்தான், பத்தி பத்தியாக. அதனால் அந்தப் பத்திரிகையைப் படிக்க முடியவில்லை என்று யாரும் சொன்னதில்லை. விளம்பரம் எங்கே, செய்தி எங்கே என்பது வாசகருக்குத் தெரியும். தாளைத் திருப்பினால் அது அங்கேயே இருக்கும். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் இருந்தாலும் பந்தி ஒழுங்காக நடக்கிறதல்லவா? ஐந்து பேர் இருக்கும் வீட்டிலும் ஒவ்வொருவரும் அடுத்தவர் இலையில் கை வைத்தால் சாப்பிட முடியாது. எது எங்கே இருக்கும் என்று தெரியாமையும், இருப்பது இருந்த இடத்தில் நில்லாமையும், ஒன்று மற்றொன்றாக வேஷம் போடுவதும்தான் நெரிசல். எண்ணிக்கை இரண்டாம் பட்சம்.

தமிழில் செய்தியைப் படிக்கத் தக்கதாகச் செய்த பெருமையில் பெரும் பங்கு 'தினத்தந்தி'க்கு உண்டு. இலக்கியக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தயங்குவார்கள். 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் அதைத் தொடங்கியபோது, பத்திரிகை என்பது படித்தவர்கள் படிப்பது என்றிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் படிக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். பெரிய தலைப்பு, சின்ன வாக்கியம், பேசுவதுபோன்ற சொற்கள். டீக்கடை பெஞ்சில் ஒரு பத்திரிகை நாலாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். எவர் கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் அதிலுள்ள செய்தி அதிலேயே முழுமையாக விளங்க வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கு ஒருவர் தலைப்பை உரக்கப் படித்தாலே சங்கதி தெரிந்துவிட வேண்டும். தலைப்பு என்பது செய்தியைச் சொல்லிவிடுவதற்காகவே இருந்தது.

இன்றைய இணையத் தலைப்பு செய்தியைச் சொல்லாமல் இருப்பதற்காகவே எழுதப்படுகிறது. "எந்தெந்த மாவட்டங்களுக்கு?" என்று கேட்கிறது. ஐயா, அதைத்தானே உம்மிடம் நான் கேட்க வந்தேன்! தலைப்பிலேயே "காஞ்சிபுரம் மாவட்டத்தில் பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை" என்று தேதியோடு போட்டிருந்தால், பக்கத்தைத் திறக்காமலேயே அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்கும். பள்ளிக்கு விடுமுறை என்றால் தொழிற்சாலைக்கும் விடுமுறை என்று அர்த்தம் ஆகாது. இந்தச் சாலையில் வாழ்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம்தான் ஒரு நாள் கூலி. தலைப்பில் விடுகதை போடுவது துப்பறியும் கதைக்கு அழகு. நானும் போட்டிருக்கிறேன். கதை படிக்கிறவர் ஏமாறுவதற்குத் தயாராக, காசு கொடுத்து, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம் அந்த விளையாட்டு ஆகாது.

அச்சுக்கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பியாட்ரிஸ் வார்ட் என்ற அம்மையாரை மேற்கோள் காட்டுவது வழக்கம். 1930-இல் லண்டனில் அச்சுக்கலைஞர்களுக்கு முன்னால் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நல்ல அச்சு, மதுவின் நிறத்தை அப்படியே காட்டும் பளிங்குக் கோப்பையைப்போல் இருக்க வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். பாத்திரம் கண்ணுக்குத் தெரியக்கூடாது. உள்ளிருப்பதுதான் தெரிய வேண்டும். அழகான கருத்துத்தான். புத்தகத்துக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் உள்ளூர்ச் செய்திக்கு எனக்கு வேறு உவமை தோன்றுகிறது. மழையில் தூரத்திலிருந்து வரும் பஸ்ஸின் நெற்றியில் உள்ள பலகை அது. அந்தப் பலகை கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் போதாது; தெரிந்தே ஆக வேண்டும். எந்த ஊர், எந்த வழி என்று ஒரு பார்வையில் சொல்லியாக வேண்டும். பஸ் நின்ற பிறகு கண்டக்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் பலகை எதற்கு?

இதை நான் சொல்லும்போது இன்னொரு கோஷ்டியையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. நெரிசலுக்குப் பயந்துகொண்டு, வெள்ளைவெளேரென்று பக்கத்தைக் காலியாக விட்டு, மெல்லிய சாம்பல் நிறத்தில் நூலிழைபோன்ற எழுத்தில் செய்தி போடும் தளங்களும் இருக்கின்றன. குளிர்பதன அறையில் பெரிய திரையில் பார்த்தால் அவை சித்திரம்போல் இருக்கும். ஒரகடம் கூட்டு ரோட்டில், உச்சி வெயிலில், கீறல் விழுந்த கைபேசியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. நம் முகம்தான் தெரியும். சுத்தம் வேறு, தெளிவு வேறு. துடைத்து வைத்த வீடெல்லாம் விருந்தாளிக்கு வசதியான வீடு ஆகிவிடாது.

தமிழ் எழுத்துக்கென்று சில தேவைகள் இருக்கின்றன. இகர, ஈகாரக் குறிகள் எழுத்தின் தலைக்கு மேல் ஏறுகின்றன. உகர, ஊகாரக் குறிகள் காலுக்குக் கீழே இறங்குகின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால், மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். ஞ, ண போன்ற எழுத்துக்களில் சுழி அதிகம். தலைப்பு எடுப்பாக இருக்கட்டும் என்று அவற்றை மிகத் தடிப்பாகப் போட்டால் சுழியெல்லாம் அடைபட்டு மைத்துளிபோல் ஆகிவிடுகின்றன. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. 'அறிவிக்கப்பட்டுள்ளதாகத்' என்ற ஒரு சொல்லே கைபேசியின் ஒரு வரியை ஏறக்குறைய அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வரிகளை இரண்டு ஓரமும் சமமாக நிற்க வேண்டும் என்று இழுத்துக் கட்டினால், நடுவில் ஆறு ஓடும். வலது ஓரம் ஏறியும் இறங்கியும் இருப்பதில் தப்பே இல்லை. செய்தியாளரும் 'அறிவிக்கப்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது' என்று எழுதாமல் 'கலெக்டர் அறிவித்தார்' என்று எழுதினால், வடிவமைப்பாளருக்குப் பாதி வேலை மிச்சம். நெரிசலில் ஒரு பங்கு வாக்கியத்திலேயே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இணையத்தில் தமிழ் வந்த ஆரம்பத்தில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுவதும் கோணல்மாணலான குறிகள்தான். 1999-இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒரு பொது முறை வகுத்தார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பல வருஷம் பலர் பாடுபட்டதன் பலன், இன்று எந்தக் கைபேசியைத் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. எழுத்துத் தெரியாத காலத்தில் பக்கம் தெரிந்தது. எழுத்துத் தெரிய ஆரம்பித்ததும் பக்கம் மறைந்துவிட்டது! அத்தனை பேர் பாடுபட்டது முழங்கால் தைலத்துக்காகத்தானா?

இன்னொரு குறை, கண்ணுக்குச் சட்டென்று தெரியாதது. ஆனால் இந்த வட்டாரத்துக்கு மிக முக்கியமானது. உள்ளூர்ச் செய்தியைத் தளங்கள் மாவட்ட வாரியாக அடுக்குகின்றன. சர்க்காருக்கு அது வசதி. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் காஞ்சிபுரம் மாவட்டம். ரயில் இறங்கும் சிங்கப்பெருமாள் கோயில், 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம். பல தொழிலாளர்கள் தங்கியிருக்கும் பூந்தமல்லிப் பக்கம் திருவள்ளூர் மாவட்டம். ஒரே கன்வேயரில் தோளோடு தோள் நின்று வேலை செய்கிற மூன்று பெண்களுக்கு, இணையதளத்தில் மூன்று வெவ்வேறு கதவுகள். சாலையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் மூன்று கதவையும் தட்ட வேண்டும். கம்பெனி பஸ் மாவட்ட எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. வாசகர் வாழ்கிற ஊர் எது என்று யோசிக்காமல் போட்ட அடுக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும் நெரிசல்தான். 'ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலை' என்று ஒரு தலைப்பு வைத்து, அந்தச் சாலையின் செய்தியை அதன் கீழ் போட எவ்வளவு நேரம் ஆகும்?

இதையெல்லாம் ரசனை விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. 2021 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுங்குவார்சத்திரத்துக்கு அருகே உள்ள பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் பலர், பூந்தமல்லிப் பக்கத்தில் அவர்கள் தங்கியிருந்த விடுதியின் சாப்பாட்டால் நோயுற்றார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துபோய்விட்டார்கள் என்று ஒரு வதந்தி கைபேசிக்குக் கைபேசி பரவிற்று. தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாக நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். சென்னை - பெங்களூரு சாலை மணிக்கணக்கில் நின்றது. உண்மையில் யாரும் இறக்கவில்லை. ஆனால் அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. விடுதிகளின் நிலைமை சரியில்லை என்பது பிறகு எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். தொழிற்சாலை மறு மாதம்தான் திறந்தது.

செய்தித் தளங்களால்தான் வதந்தி பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நோய் ஒரு மாவட்டத்திலும் மறியல் அடுத்த மாவட்டத்திலும் நடந்த ஓர் இரவில், "இன்று இத்தனை மணி நிலவரப்படி இத்தனை பேர் இன்ன ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யாரும் இறக்கவில்லை" என்று மூன்று வரி, நேரம் போட்டு, நகராமல் ஓரிடத்தில் நிற்குமானால் அதன் மதிப்பு என்ன? அதைத்தான் கேட்கிறேன். வதந்திக்கு ஒரு பலம் உண்டு. அது எப்போதும் சுருக்கமாக இருக்கும். விளம்பரம் இல்லாமல் வரும். முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடும். உண்மை அதனோடு போட்டி போட வேண்டுமானால், வேஷத்தைக் கலைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

2024-இல் சாம்சங் தொழிற்சாலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. செப்டம்பர் 9-ந் தேதி தொடங்கி அக்டோபர் 15-இல் முடிந்தது. அது போன்ற நீண்ட விவகாரங்களில் இன்னொரு வகை நெரிசல் ஏற்படுகிறது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் 'பரபரப்பு'. பதினைந்தாம் நாள் வந்து சேரும் வாசகருக்கு, எதற்காக நிறுத்தம், யார் என்ன கேட்டார்கள், நேற்றுவரை என்ன முடிவு என்று சொல்ல ஆளில்லை. தொடர்கதை போடும் பத்திரிகைகள்கூட 'முன் கதைச் சுருக்கம்' என்று நாலு வரி போட்டு வாசகரிடம் மரியாதை காட்டின. கற்பனைக் கதைக்குக் கொடுத்த அந்த மரியாதையை, உண்மைக் கதைக்கும் கொடுத்தால் என்ன?

இந்த இடத்தில், தளம் நடத்தும் நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். "சார், நீங்கள் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். வாசகர் ஒரு காசு தருவதில்லை. அந்தத் தைலம்தான் எங்கள் நிருபருக்குப் பெட்ரோல் போடுகிறது. தைலத்தை எடுத்துவிட்டால் மழையில் போய்ச் செய்தி சேகரிப்பது யார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் தப்பிக்க எனக்கு இஷ்டமில்லை.

தைலம் இருக்கட்டும். ஆனால் அது தன் இடத்தில் இருக்கட்டும். படம் வந்து சேர்வதற்கு முன்பே அதற்கு இவ்வளவு இடம் என்று பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டால், பிறகு அது எழுத்தைத் தள்ளாது. இது ரகசிய வித்தை அல்ல. பக்கம் அமைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கம் எவ்வளவு குதிக்கிறது என்பதை அளக்க 2020-இல் கூகிள் ஓர் அளவுகோலையே வெளியிட்டது. மறு வருஷம் முதல், தேடும்போது எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்று தீர்மானிப்பதில் அதையும் சேர்த்துக்கொண்டது. குதிக்காத பக்கத்தினால் தளத்துக்கும் லாபம்தான். படிக்கிற விரல் தவறிப் பட்டதால் கிடைக்கும் காசு, கூட்டத்தில் ஜேபியில் கை விட்டு எடுத்த காசுக்குச் சமானம். அதை வைத்து நிருபருக்குப் பெட்ரோல் போடுவது நிருபருக்கே கௌரவம் அல்ல. அதிலும், ஒரு முறை ஏமாந்த வாசகர் மறுமுறை தளத்தையே திறக்காமல் வாட்ஸ்அப்பை நம்பிப் போய்விட்டால், தைலக்காரருக்கு யாரைக் காட்டுவார் நண்பர்?

ஆகவே என் பரீட்சை இவ்வளவுதான். உள்ளூர்ச் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்தவுடன், விரலை அசைக்காமல் நாலு விஷயம் தெரிய வேண்டும்: என்ன நடந்தது, எந்த இடத்தில், எந்தத் தேதியில், யாருக்குப் பொருந்தும். இந்த நாலும் தெரிந்த பிறகு நகை, தைலம், சினிமா, ராசி பலன் எது வேண்டுமானாலும் வரட்டும். பார்க்க இஷ்டமுள்ளவர்கள் பார்க்கட்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பக்கம், எத்தனை லட்சம் செலவு செய்து அமைத்திருந்தாலும், நெரிசலான பக்கமே.

இப்படி நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது என் தங்கை மகள் சிரித்தாள். "வாங்க மாமா, எங்க நியூஸ் பேப்பரைக் காட்டறேன்" என்று மாடிப்படிக்கு அடியில் அழைத்துப் போனாள். அங்கே ஒரு கரும்பலகை. ஹாஸ்டல் வார்டன் அம்மாள் கைப்பட எழுதியது. மேலே அன்றைய தேதியும் கிழமையும். அதற்குக் கீழே: நாளை கம்பெனி உண்டு. முதல் ஷிப்ட் பஸ் 5-15. கேட்டுக்கு முன்னால் தண்ணீர் நிற்பதால் பஸ் மெயின் ரோட்டில் நிற்கும்.

பலகையின் வலது மூலையில், கோடு போட்டுப் பிரித்த ஒரு சிறிய கட்டத்துக்குள், எதிர் வீட்டு அம்மாள் பிளவுஸ் தைத்துக் கொடுப்பதாக ஒரு விளம்பரமும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த வரையில் அது அந்தக் கட்டத்தை விட்டு நகரவே இல்லை.

"நேத்து இதைப் பார்க்கலையா அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன்.

"ராத்திரி வரும்போது படிக்கட்டுல லைட் எரியலை மாமா. ரூமுக்கு வந்து போனைத்தான் பார்த்தா" என்றாள்.

பலகை சரியாகத்தான் இருந்தது. அதன் மேல் வெளிச்சம் இல்லை. கைபேசியில் வேண்டிய வெளிச்சம் இருந்தது, பலகைதான் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் அந்தப் பெண்ணின் ஒரு நாள் கூலி அவளிடமே இருந்திருக்கும். புறப்படுவதற்கு முன் வார்டன் அம்மாளைப் பார்த்து, படிக்கட்டுக்கு ஒரு பல்பு போடும்படி சொல்லிவிட்டு வந்தேன். போட்டுவிட்டார்களாம். மற்றப் பாதியை, தளம் நடத்துகிறவர்கள்தான் செய்ய வேண்டும்.